ஆஸ்திரேலியாக் காளை எறும்பு மீஞ்சூருக்கு வருமா?

ரெண்டு வாரமா ஒரே வீடியோ. எட்டு பேர் அனுப்பிட்டாங்க. பெரிய கண்ணும் நீட்டின தாடையுமா ஒரு எறும்பு கேமராவையே முறைச்சுப் பார்க்குது. கீழே, "இது கடித்தால் 15 நிமிடத்தில் மரணம். சென்னை துறைமுகம் வழியாக வந்துவிட்டது. அனைவருக்கும் பகிரவும்." எட்டாவதா அனுப்பினவர் காட்டுப்பள்ளி துறைமுகத்துல வேலை பார்க்கிறவர். "சார், கன்டெய்னர்ல வந்திருக்குமா? எங்களுக்குப் பக்கத்துல வேற இருக்கு"ன்னு கேட்டார்.

வரலை. ஆனா அவர் கேட்டது நல்ல கேள்வி. எந்த எறும்பு கப்பல் ஏறும், எது ஏறாது? அதுக்குப் பின்னாடி 250 வருஷக் கதை இருக்கு. அந்தக் கதையில ஒரு அரசாங்க டாக்டரும் வர்றார் (நான் இல்லீங்க). கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

முதல்ல அந்த வீடியோ எறும்பு. ஆஸ்திரேலியாக்காரங்க 'புல் ஆன்ட்', 'புல்டாக் ஆன்ட்'னு சொல்வாங்க. நாம காளை எறும்புன்னு வெச்சுக்குவோம். விஞ்ஞானப் பேர் மிர்மீசியா. இது ஒரே இனம் இல்லை, சுமார் 90 இனம் இருக்கு. சின்னது 8 மில்லிமீட்டர், பெருசு 4 சென்டிமீட்டர் வரை போகும். 4 சென்டிமீட்டர்னா உங்க கட்டைவிரல்ல முக்கால்வாசி. முகத்துல பாதி கண்ணுதான். தாடை ரெண்டும் முன்னாடி நீண்டு, உள்பக்கம் ரம்பம் மாதிரி பல் வெச்சிருக்கும். வால்நுனியில கொடுக்கு.

இந்த இடத்துல ஒரு சின்ன விஷயம், பின்னாடி தேவைப்படும். நாம எல்லாத்தையும் "எறும்பு கடிச்சிடுச்சு"ன்னு சொல்றோம். இந்த மாதிரி எறும்புகள் தாடையால பிடிச்சுக்கும், அவ்வளவுதான். விஷம் ஏறுறது உடம்பை வளைச்சு வாலால கொட்டும்போது. குளவி, தேனீ, எறும்பு மூணும் ஒரே குடும்பத்துப் பங்காளிங்க.

காளை எறும்பை முதல்முதலா ஐரோப்பியர் கையில சேர்த்தது ஜேம்ஸ் குக்கோட எண்டெவர் கப்பல். 1770-ல அந்தக் கப்பல் ஆஸ்திரேலியாவோட கிழக்குக் கரையில நின்னப்போ, கூடப் போன ஜோசப் பேங்க்ஸ் செடி, பறவை, பூச்சின்னு கிடைச்சதெல்லாம் சேகரிச்சார். லண்டன்ல அந்தச் சேகரிப்பைப் பார்த்துப் பேர் வெச்சவர் ஃபாப்ரிசியஸ், டென்மார்க்காரர், லின்னேயஸோட மாணவர். 1775-ல வந்த அவர் புத்தகத்துல அந்த எறும்புக்குக் குலோசான்னு பேர். பெருந்தீனிக்காரன்னு அர்த்தம்.

அதே 1775 புத்தகத்துல நம்ம ஊர் எறும்பு ஒண்ணும் இருக்கு. மாமரத்து இலைகளைப் பட்டு நூலால ஒட்டிக் கூடு கட்டுமே, முசுறு, அதுக்கும் அவர்தான் அங்க பேர் வெச்சார். ஆஸ்திரேலியாக் கரையோரக் காளை எறும்பும் நம்ம தோப்பு முசுறும் ஒரே அட்டைக்குள்ள. ஃபாப்ரிசியஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனா அவருக்கு இங்க ஆள் இருந்தது. தரங்கம்பாடியில டேனிஷ்காரங்களுக்கு டாக்டரா 1768-ல வந்த கோனிக், அவரும் லின்னேயஸ் மாணவர், இங்கேயிருந்து அவருக்குப் பூச்சி அனுப்பிக்கிட்டிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கரையான் பற்றி 1779-லயே ஒரு கட்டுரை எழுதினவர் இந்த கோனிக். டாக்டருங்களுக்கும் பூச்சிக்கும் அப்படி என்ன பந்தமோ தெரியலை.

சரி, காளை எறும்பு எங்கெல்லாம் இருக்கு? குலோசா ஆஸ்திரேலியாவோட கிழக்குப் பக்கம், நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து. மத்த இனங்கள் அதே கண்டத்துல மத்த இடங்கள்ல. கண்டத்துக்கு வெளியே இயற்கையா இருக்கிறது ஒரே ஒரு இனம், நியூ கலிடோனியா தீவுல. அவ்வளவுதான் அதோட உலகம்.

எப்பவும் அப்படி இருக்கலை. டென்மார்க், கனடா, அர்ஜென்டினா இங்கெல்லாம் பாறையில இந்தக் குடும்பத்து எறும்புகளோட புதைபடிவம் கிடைச்சிருக்கு. சுமார் 5 கோடி வருஷம் பழசு. ஒரு காலத்துல உலகம் பூரா இருந்த வம்சம், கடைசியில ஒரு மூலையில ஒதுங்கி நிக்குது.

ஏன் திரும்ப வெளியே வர முடியலை? அதோட உடம்பைப் பாருங்க. பெரிய கண், பெரிய தாடை, நீளக் கால். இது தனி வேட்டைக்காரனோட உடம்பு. நம்ம வீட்டு எறும்பு மாதிரி வரிசை கட்டிப் போகாது. கண்ணால பார்த்துத் தனியா போய் இரையைப் பிடிச்சுக்கிட்டு வரும். ராணி புதுசா கூடு வைக்கும்போது, மத்த பல எறும்பு ராணிங்க மாதிரி கதவைச் சாத்திக்கிட்டு உடம்புக் கொழுப்புல முதல் குஞ்சுகளை வளர்க்கிறதில்லை. தானே வெளியே போய் வேட்டையாடிட்டு வரணும். தெரியாத ஊர்ல, தெரியாத எதிரிங்களுக்கு நடுவுல, தினமும். கன்டெய்னர் மூலையில ஒரு ராணி வந்து இறங்கினாலும் முதல் வாரத்தைத் தாண்டுறதே கஷ்டம்.

ஒரு தடவை கடல் தாண்டி இறங்கியும் இருக்கு. 1940-ல நியூசிலாந்து ஆக்லாந்துல ஒரு காளை எறும்பு இனத்தோட கூட்டைக் கண்டுபிடிச்சாங்க. அது ஊரெல்லாம் பரவலை. 1981-ல அதை அழிச்சே முடிச்சுட்டாங்க. 40 வருஷம் இருந்தும் இவ்வளவுதான் முடிஞ்சது அதால.

இன்னொரு விசித்திரம் சொல்லிட்டு நகர்றேன். மிர்மீசியா க்ராஸ்லாண்டைன்னு ஒரு இனம். அதுக்கு மொத்தமே ஒரு ஜோடி குரோமோசோம். நமக்கு 23 ஜோடி. அதுலயும் அந்த இனத்து ஆணுக்கு ஜோடி கூட இல்லை, ஒத்தைக் குரோமோசோம்தான். எம்பிபிஎஸ் முதல் வருஷத்துல இதைச் சொல்லியிருந்தா நான் ஜெனடிக்ஸ் வகுப்புல தூங்கியிருக்க மாட்டேன்.

இப்ப நம்ம ஊர் டாக்டர். தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன். 1811-ல இங்கிலாந்துல பிறந்து, எடின்பரோல படிச்சு, கிழக்கிந்தியக் கம்பெனியோட உதவி சர்ஜனா 1836-ல மெட்ராஸ்ல வந்து இறங்கினார். பட்டாளத்துக்கு மருந்து கொடுக்கிற வேலை. இன்னைக்கு நம்மள டிரான்ஸ்ஃபர் பண்ற மாதிரிதான் அவரையும் கஞ்சம், நெல்லூர், தலச்சேரின்னு சுத்த விட்டாங்க. போன ஊர்லயெல்லாம் பறவை, பாம்பு, மீன், எறும்புன்னு எழுதித் தள்ளினார். பின்னாடி 1862-64-ல வந்த அவரோட 'பேர்ட்ஸ் ஆஃப் இந்தியா' இன்னைக்கும் பறவைக்காரங்க பேசுற புத்தகம்.

1840-கள்ல அவர் நெல்லூர்ல சிவில் சர்ஜன். பழவேற்காடு ஏரியோட பெரும்பகுதி அந்த நெல்லூர்ப் பக்கம்தான் கிடக்குது. அங்க அவருக்குக் காட்டையும் பறவைப் பேர்களையும் சொல்லிக் கொடுத்தவங்க யானாதிகள். ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் தளம் வர்றதுக்கு முன்னாடி அந்தத் தீவுல இருந்த அதே மக்கள். ஜெர்டனோட பேர் புத்தகத்துல இருக்கு, சொல்லிக் கொடுத்தவங்க பேர் இல்லை. அந்தக் காலத்துப் புத்தகங்களைப் புரட்டினா இது ஒவ்வொரு தடவையும் உறுத்தும்.

1851-ல அவர் தென்னிந்திய எறும்புகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். வந்தது மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்ல. அதுக்குப் பின்னாடி இருந்த மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி 1812-ல ஆரம்பிச்சது. நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டுல செவப்புக் கட்டடத்துல நூலகமா இன்னும் இருக்கு, போய்ப் பாருங்க. உயரமான அலமாரியும் பழைய காகித வாசனையுமா ஒரு மத்தியானம் போறதே தெரியாது.

அந்தப் பட்டியல்ல ஒரு எறும்பு. நீளம் ஒன்றரையிலிருந்து 2 சென்டிமீட்டர். செம்பழுப்பு உடம்பு. பெரிய கண். தாடை ரெண்டும் முன்னாடி நீண்டு நுனி மேல வளைஞ்சு, அரிவாள் மாதிரி. தொந்தரவு பண்ணினா குதிக்கும். சுமார் 10 சென்டிமீட்டர் தூரம், 2 சென்டிமீட்டர் உயரம் எகிறும். ஜெர்டன் வெச்ச பேர் ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர். 'அரிவாள் தாடை, குதிக்கிறவன்'. இன்னைக்கு ஜெர்டன் குதிக்கும் எறும்புன்னே சொல்றாங்க.

வீடியோ எறும்பையும் இதையும் பக்கத்துல வெச்சா அண்ணன் தம்பின்னு சொல்வீங்க. இல்லை. ரெண்டும் வேற வேற குடும்பம். தனியா, கண்ணால பார்த்து வேட்டையாடுற ஒரே தொழிலுக்காக ரெண்டு கண்டத்துல ரெண்டு வம்சம் கிட்டத்தட்ட ஒரே உடம்பை அமைச்சுக்கிட்டிருக்கு. சுறாவும் டால்ஃபினும் ஒரே மாதிரி தெரியுற கதைதான். நம்ம நாட்டுக் காளை எறும்புன்னு சொல்லணும்னா இதைத்தான் சொல்லணும். அதோட எல்லையும் அதே மாதிரி சின்னது. இந்தியா, இலங்கை, அவ்வளவுதான். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் நல்லா பார்க்கலாம். மீஞ்சூர்ப் பக்கம் நான் பார்த்ததில்லை.

இந்த எறும்பு இப்ப உலகப் பிரபலம். 2010-ல இதோட முழு மரபணுத் தொகுதியையும் படிச்சாங்க. எறும்புகள்ல அப்படிப் படிச்ச முதல் ரெண்டுல இது ஒண்ணு. காரணம், ராணி செத்துட்டா வேலைக்கார எறும்புகளே சண்டை போட்டு, ஜெயிச்சது முட்டை வைக்க ஆரம்பிச்சிடும். 7 மாசம் வாழவேண்டியது 4 வருஷம் வரை வாழும். மூளை ஐந்துல ஒரு பங்கு சுருங்கிடும். ராணி வேலையை விட்டுட்டுத் திரும்பினா மூளை பழைய அளவுக்கே வரும். 2021-ல வந்த ஆராய்ச்சி இது. வயசாகிறதைப் படிக்கிறவங்க இந்த எறும்பைச் சுத்தி உட்கார்ந்திருக்காங்க.

ஆக, பார்த்தா பயமா இருக்கிற ரெண்டும் ஊரை விட்டு நகரலை. நகர்ந்தது எது? அதுவும் ஜெர்டனோட அதே பட்டியல்ல இருக்கு, ஆனா யாரும் திரும்பிப் பார்க்காத சைஸ்ல.

ஒண்ணு, அவர் டெஸ்ட்ரக்டர்னு பேர் வெச்ச பொடி எறும்பு. நாசக்காரன். சுமார் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். துணி, ஒயர் மேல இருக்கிற ரப்பர்னு எதையும் அரிக்கும். இன்னைக்கு உலகத்து வெப்ப நாட்டு ஊர்கள்ல எல்லாம் இருக்கு.

இன்னொண்ணு, லாஞ்ஜிபெஸ். நீளக்கால். பாவம் ஜெர்டன், அந்தப் பேரை 1802-லயே ஒரு பிரெஞ்சுக்காரர் வேற எறும்புக்கு வெச்சுட்டார்னு பின்னாடி தெரிஞ்சது. அதனால 1857-ல ஸ்மித் வெச்ச பேர்தான் செல்லுபடியாச்சு. நீங்க செய்தியில இதை மஞ்சள் பைத்திய எறும்புன்னு படிச்சிருப்பீங்க. 2022-ல நத்தம் பக்கம் கரந்தமலை அடிவார ஊர்கள்ல, ஆடு மாட்டோட கண்ணைப் பாழாக்குதுன்னு ஜனங்க அலறினாங்களே, அதேதான். இதுக்குக் கொடுக்கே கிடையாது, அமிலத்தைப் பீச்சும். ஒரு கூட்டுல நிறைய ராணி. பக்கத்துக் கூட்டோட சண்டையும் கிடையாது. கூடு கூடா சேர்ந்து காடு முழுக்க ஒரே ராஜ்ஜியம் ஆயிடும். இந்தியப் பெருங்கடல்ல கிறிஸ்துமஸ் தீவுக்குக் கப்பல்ல போய், அங்க கோடிக்கும் மேல செந்நண்டுகளைக் கொன்னிருக்கு.

மூணாவதுதான் எனக்குப் பிடிச்ச கதை. ஜெர்டன் ஒரு செவ்வெறும்பைப் பார்த்து, இந்த ஊர்ப் புது இனம்னு நினைச்சு, ரூஃபான்னு பேர் வெச்சார். செவப்புன்னு அர்த்தம். வயக்காட்டு வரப்புலயும் மணல்லயும் குருணை குருணையா மண்ணைத் தள்ளியிருக்கும், கால் வெச்சா நெருப்பு பட்ட மாதிரி எரியும், அந்த நெருப்பெறும்பு. பின்னாடி வந்தவங்க ஒப்பிட்டுப் பார்த்தா, அது அமெரிக்கா எறும்பு. ஃபாப்ரிசியஸ் 1804-லயே ஜெமினாட்டான்னு பேர் வெச்சுட்டது. ஜெர்டன் பார்க்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே இங்க வந்து இறங்கி, உள்ளூர்க்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கு.

எப்படி வந்தது? 2015-ல ஒரு ஆராய்ச்சி. பல நாட்டு நெருப்பெறும்புகளோட மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தாங்க. கை காட்டின இடம் மெக்சிகோவுல அகபுல்கோ துறைமுகம். 1565-லிருந்து 1815 வரை ஸ்பெயின்காரங்க அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் நடுவுல வருஷா வருஷம் கப்பல் விட்டாங்க. போகும்போது வெள்ளி, வரும்போது பட்டும் பீங்கானும். கப்பல் ஆடாம இருக்க அடியில மண்ணும் கல்லும் கொட்டுவாங்க. அந்த மண்ணுல எறும்பு. மணிலாவுல இறங்கி, அங்கேயிருந்து ஆசியா முழுக்க.

சோழமண்டலக் கரைத் துணியும் அந்த மணிலா வரை போய்க்கிட்டிருந்தது. பழவேற்காட்டுல டச்சுக்காரங்க 1613-லயே கெல்ட்ரியா கோட்டை கட்டி உட்கார்ந்தது துணிக்காகத்தான். மலேசியாவுல கட்டம் போட்ட லுங்கிக்கு இன்னைக்கும் 'காயின் பெலிகாட்'னுதான் பேர். பெலிகாட்னா பழவேற்காடு. துணி போன கடல் வழியில எறும்பு வந்ததுல ஆச்சரியம் இல்லை.

துறைமுகத்து நண்பருக்கு இதைத்தான் சொன்னேன். கன்டெய்னர்ல வர்ற எறும்பு வீடியோவுக்கு லாயக்கா இருக்காது. பொடியா இருக்கும், ராணி நிறைய இருக்கும், எதைக் கொடுத்தாலும் தின்னும்.

"அப்ப பயப்பட வேண்டாம்ல சார்?"

இங்கதான் அந்தப் பட்டியல்ல விட்டு வெச்ச நாலாவது எறும்பைச் சொல்லணும். அதுக்கு முன்னாடி ஒரு கேஸ். அடையாளங்களை மாத்திச் சொல்றேன்.

காட்டுப்பள்ளிக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவுல ஒரு குப்பம். காலையில 10 மணி இருக்கும். ஆட்டோவுல ஒரு மீனவ அண்ணனைத் தூக்கிட்டு வந்தாங்க. 45 வயசு. உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீங்கி, வேர்த்துக் கொட்டுது. வழியில ரெண்டு தடவை வாந்தி. பிபி 70. கூட வந்தவங்க எல்லாரும் ஒரே குரல்ல, "பாம்பு சார், பாம்பு." அவர் மனைவி மட்டும், "பாம்பு இல்ல சார், எறும்புன்னு சொன்னாரு"ன்னாங்க. பின்னாடி நின்ன ஒரு பெரியவர், "எறும்புக்கு எவன்மா இப்படி ஆவான்"னு அதட்டினார்.

அந்த அம்மா சொன்னதுதான் சரி. பூவரசு மரத்தடியில உட்கார்ந்து வலை தைச்சுக்கிட்டிருந்திருக்கார். பாதி பட்டுப்போன மரம். சட்டைக் காலருக்குள்ள ஏதோ ஊர, தட்டிவிட்டிருக்கார். கழுத்துல சுருக்குன்னு ஒண்ணு. பத்தே நிமிஷத்துல உள்ளங்கை அரிப்பு, அப்புறம் கண்ணு இருட்டிக்கிட்டு வந்திருக்கு. கழுத்துல ஒரே ஒரு செவப்புப் புள்ளி இருந்தது, பல் பதிஞ்ச தடம் எதுவும் இல்லை. தொடையில அட்ரினலின் அரை மில்லி போட்டோம், கால் ரெண்டையும் தூக்கி வெச்சு சலைன் ஓட விட்டோம். அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு அரை மில்லி. மூணாவது தேவைப்படலை. பாம்பையும் விட்டுடக் கூடாதேன்னு 20 நிமிஷ ரத்தம் உறையுற டெஸ்டும் பார்த்தோம். சரியா இருந்தது. ஒரு மணி நேரத்துல எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார்.

விசாரிச்சா, போன வருஷமும் அதே மரத்தடியில கையில கொட்டியிருக்கு. அப்ப முழங்கை வரைக்கும் வீக்கம், ரெண்டு நாள்ல சரியாப் போச்சு.

முதல் தடவை வெறும் வீக்கம், ரெண்டாவது தடவை உயிர் போற நிலைமை. ஏன் இப்படி? இதைக் கண்டுபிடிச்சதும் கடல்ல போனவங்கதான். 1901-ல மொனாக்கோ இளவரசரோட கப்பல்ல சார்லஸ் ரிஷேவும் பால் போர்த்தியேவும் போனாங்க. கடல் சொறி பட்டா ஏன் அப்படி எரியுதுன்னு பார்க்கிறதுதான் நோக்கம். பழவேற்காட்டுல யாரைக் கேட்டாலும் அந்த எரிச்சலைச் சொல்வாங்க. பாரிஸ் திரும்பி, கடல் சாமந்தி விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா நாய்களுக்கு ஏத்திப் பார்த்தாங்க. தடுப்பூசி மாதிரி பழகிடும்னு நம்பிக்கை. நெப்டியூன்னு ஒரு நாய். முதல் ஊசியில ஒண்ணும் ஆகலை. சில வாரம் கழிச்சு 1902 பிப்ரவரியில அதே சின்ன அளவு. 25 நிமிஷத்துல செத்துப் போச்சு. காப்பாத்தும்னு நினைச்சது கவுத்துடுச்சு. காப்புங்கிற சொல்லைத் தலைகீழாக்கி அவங்க வெச்ச பேர் அனாஃபைலாக்ஸிஸ். ரிஷேவுக்கு 1913-ல நோபல் பரிசு.

அந்த அண்ணனுக்கு நடந்ததும் அதேதான். முதல் கொட்டுல உடம்பு அந்த விஷத்தை எதிரின்னு குறிச்சு வெச்சுக்கிச்சு. ரெண்டாவது தடவை ஒரு துளி பட்டதும் மொத்தப் படையையும் கட்டவிழ்த்து விட்டுடுச்சு. ரத்தக் குழாய் விரிஞ்சு பிபி விழுந்தது. இங்க விஷத்தோட அளவு விஷயமே இல்லை, எறும்போட சைஸும் விஷயமே இல்லை. ஜெர்டன் 1872-லயே இறந்துட்டார். எறும்போட காலையும் கண்ணையும் அவ்வளவு துல்லியமா எழுதினவருக்கு, அது ஏன் ஒருத்தரைச் சாய்ச்சு இன்னொருத்தரை விட்டுடுதுன்னு தெரிஞ்சிருக்க வழியில்லை.

ஆஸ்திரேலியாவுலயும் இதே கதைதான். 1980-லிருந்து 1999 வரை அந்த நாட்டுல எறும்பு கொட்டி இறந்ததாப் பதிவானவங்க 6 பேர். 5 பேர் டாஸ்மேனியாவுல. பெரும்பாலானவங்க 20 நிமிஷத்துக்குள்ள. வீடியோவுல வர்ற '15 நிமிஷ மரணம்' இந்த மாதிரி எங்கேயோ இருந்துதான் கிளம்பியிருக்கும். ஆனா முக்கியமா கொன்னது அந்தப் பூதாகாரமான காளை எறும்புங்க இல்லை, அதே குடும்பத்துல ஒரு சென்டிமீட்டர் அளவுல இருக்கிற ஜாக் ஜம்பர். இறந்தவங்க அலர்ஜிக்காரங்க. கொட்டுப்பட்ட மத்த ஆயிரக்கணக்கானவங்க வலியோட கையை உதறிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பாங்க. டாஸ்மேனியாவுல அந்த எறும்பு விஷத்தையே துளித்துளியா ஏத்தி உடம்பைப் பழக்குற சிகிச்சையைச் சோதிச்சு 2003-ல வெளியிட்டாங்க. சிகிச்சை எடுத்தவங்களை வேணும்னே எறும்பு கொட்ட வெச்சுப் பார்த்ததுல ஒருத்தருக்கும் பெரிய ரியாக்‌ஷன் வரலை. வெத்து ஊசி போட்டவங்கள்ல பாதிக்கு மேல வந்தது. நெப்டியூனுக்கு நினைச்சது நூறு வருஷம் கழிச்சு வேற வழியில பலிச்சது.

நம்ம ஊர்ல அந்த ஊசி இல்லை. அட்ரினலின் இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இருக்கு, விலையும் குறைவு. அதனால இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. கொட்டின இடத்துல மட்டும் வலி, வீக்கம்னா ஐஸ் வைங்க, போதும். கொட்டின இடத்துக்குச் சம்பந்தமே இல்லாம உடம்பெல்லாம் தடிப்பு, அதோட மூச்சு இழுப்பு, தொண்டை அடைப்பு, வாந்தி, மயக்கம் இதுல எது சேர்ந்தாலும் உடனே 108. ஆளைப் படுக்க வெச்சு காலைத் தூக்கி வைங்க. நடக்க வைக்காதீங்க, "எழுந்து உட்காருப்பா"ன்னு தூக்கி நிறுத்தாதீங்க. மூச்சுத் திணறினா மட்டும் சாய்ச்சு உட்கார வைக்கலாம். மெடிக்கல் ஷாப்ல அலர்ஜி மாத்திரை வாங்கிக் கொடுத்துட்டுக் காத்திருக்காதீங்க. அது அரிப்பைக் குறைக்கும், பிபியைத் தூக்காது. சரியானதும் வீட்டுக்கு ஓடாதீங்க, சில மணி நேரம் கழிச்சுத் திரும்ப வரலாம்.

அந்த அண்ணன் நாலு நாள் கழிச்சு வந்தார். கையில மாத்திரைக் கவர், உள்ளே ஒரு செத்த எறும்பு. "இதுதான் சார்." ஈசிஜி பேப்பர்ல ஒரு சின்னக் கட்டம் ஒரு மில்லிமீட்டர். அது மேல எடுத்து வெச்சேன். 12 கட்டம். மெலிசான உடம்பு. தலையும் வயித்துப் பகுதியும் கறுப்பு, நடுவுல மட்டும் துருப்பிடிச்ச இரும்பு மாதிரி செவப்பு. டெட்ராபொனேரா ரூஃபோனைக்ரா. ரூஃபோனைக்ரான்னா செங்கறுப்பு. 1851 பட்டியல்ல ஜெர்டன் பேர் வெச்ச இன்னொரு எறும்பு. இந்தியா, இலங்கையிலிருந்து தாய்லாந்து, இந்தோனேசியா வரை இருக்கு. பட்ட மரத்துப் பொந்துல குடியிருந்து, மரத்து மேல தனியா திரியும். இலங்கையில எறும்பு கொட்டி அனாஃபைலாக்ஸிஸோட வந்தவங்க விஷயத்துல டாக்டருங்க அடையாளம் காட்டினதும் இதைத்தான்.

"இதுக்குப் பேரு என்னா சார்?"ன்னு கேட்டார். சொன்னேன். ஒரு தடவை சொல்லிப் பார்த்துட்டு, "நாங்க மரத்து எறும்புன்னுதான் சொல்வோம்"னார். ஓபி சீட்டுல அட்ரினலின், எறும்பு அலர்ஜின்னு தமிழ்ல பெருசா எழுதி, போன் கவருக்குள்ள வெச்சுக்கச் சொன்னேன்.

போன மாசம் அந்தப் பக்கம் முகாமுக்குப் போனப்ப பார்த்தேன். பூவரசை வெட்டலை. நிழல் வேணுமே. வலை தைக்கிற இடத்தைப் பத்தடி தள்ளி, தார்ப்பாய்க்குக் கீழே மாத்தியிருக்காங்க.